கறுப்பு வெள்ளைத் திரைப்படங்களில் பூதமும் பேயும்: ஒரு மெய்ப்பாட்டாய்வு

தோற்றுவாய்

திரைப்படம் தமிழாராய்ச்சிக்கு உரிய பொருளாகுமோ என ஐயுறுவார் இன்றும் உளர். கூத்தும் நாடகமும் முத்தமிழுள் அடங்குமெனின், அவற்றின் வழித்தோன்றலாகிய திரைப்படம் மட்டும் புறத்தே நிற்றற்குக் காரணம் இல்லை. மக்கள் எழுபது ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் கண்டு மகிழும் ஒரு பொருளை நாம் ஆராயாது விடுவோமாயின், குறை அப்பொருளின்கண் இல்லை, நம்மிடத்தேயே உள்ளது.

சென்னை மந்தைவெளியில் ஓர் இல்லத்தில் மூன்று தலைமுறையினர் ஒருங்கிருந்து ‘மாயா பஜார்’ படத்தைத் தொலைக்காட்சியிற் பார்க்க நாம் கண்டோம். பாட்டியார்க்கு உரையாடலிற் பெரும்பகுதி மனப்பாடம். பெயர்த்தியோ ஏழாண்டு நிரம்பாதவள்; கணிப்பொறியால் ஆக்கப்பெறும் இற்றைநாள் அரக்கரையும் பறக்கும் நாகங்களையும் நாள்தோறும் கைப்பேசியிற் காண்பவள். கடோத்கசன் தோன்றியபோது அவள் அஞ்சவில்லை. மலை அட்டையாற் செய்தது என்று சொல்லிச் சிரித்தாள். ஆயின், அவன் வத்சலையின் உருவை எடுத்துக்கொண்டு, அம் மெல்லிய பெண்ணுருவினின்றும் அரக்கனுடைய மிடுக்கு வெளிப்பட்ட இடத்தில் அவள் வாயடங்கி அமர்ந்தாள். படம் முடிந்தபின் அவ்விடத்தை மட்டும் மறுபடி காட்டுமாறு கேட்டாள்.

அச்சம் சிறிதும் இல்லாத ஒரு குழந்தையைப் பழைய படமொன்று அவ்வாறு ஈர்த்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பொருள் வரையறை

மேனாட்டார் பூதப்படங்களைத் தனியொரு வகையாகவே வகுத்துள்ளனர். 1922-இல் மூர்னோ இயக்கிய ‘நாஸ்ஃபெராட்டு’, 1931-இல் யூனிவர்சல் நிறுவனத்தார் வெளியிட்ட ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆகிய இரண்டும், 1933-இல் வந்த ‘கிங் காங்’, 1954-இல் சப்பானியர் படைத்த ‘காட்சில்லா’ ஆகியன அவ்வகையின் தலைமைச் சான்றுகள். தமிழில் இங்ஙனம் தனிவகை தோன்றவில்லை. பூதமும் பேயும் அரக்கரும் நம் படங்களில் புராணக்கதையுள்ளும் அரசர் கதையுள்ளும் குடும்பக்கதையுள்ளும் கலந்தே வருவர். 1951-இல் வெளிவந்த ‘பாதாள பைரவி’, ‘மர்மயோகி’ என்னும் இரண்டும், 1957-இல் வெளிவந்த ‘மாயா பஜார்’, 1963-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’, 1966-இல் வெளிவந்த ‘யார் நீ’ ஆகியனவும் அத்தகையன. இவற்றுள் ‘மாயா பஜார்’, ‘மர்மயோகி’ ஆகிய இரண்டையே நாம் இங்குச் சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம்.

வழங்கும் விளக்கங்கள்

இப்படங்களின் நிலைபேற்றிற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படும். அவை இளமை நினைவு, பழைய உத்திகளின் எளிமையைக் கண்டு தோன்றும் நகை, நடித்தோர் பெற்ற பெரும்புகழ் என்பன.

இளமை நினைவு பாட்டியார்க்குப் பொருந்தும், பெயர்த்திக்குப் பொருந்தாது. அவளுக்கு நினைத்து ஏங்குதற்கு உரிய பழமை யாதும் இல்லை. எளிமை கண்டு எழும் நகையோ ஒருமுறைக்கே உரியது. நாம் எள்ளி நகைத்த ஒன்றனை மீண்டும் தேடிச் சென்று காண்பதில்லை. நடிகர் புகழே காரணமெனின், அதே நடிகர்கள் நடித்து அதே ஆண்டுகளில் வெளிவந்த பிற படங்கள் பல மறக்கப்பட்டதேன் என்னும் வினாவிற்கு விடை இல்லை. எனவே, இம்மூன்றும் துணைக்காரணங்களாதல் கூடுமேயன்றி முதற்காரணம் ஆகா.

அச்சமும் மருட்கையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களை வகுத்தார். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பவற்றாற் பிறக்கும் என்பது அவர் கருத்து. மருட்கை, அஃதாவது வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் பற்றிப் பிறக்கும். இவ்விரண்டனையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். அச்சத்தின் களன்கள் நான்கும் நம்மை வருத்தவல்ல பிற பொருள்கள். மருட்கையின் களன்களோ பொருள்கள் அல்ல; பொருள்களின் தன்மைகள்.

இவ்வேறுபாடு நம் வினாவிற்கு வழிகாட்டுகின்றது. தீங்கு வாராது என்று தெளிந்தவிடத்து அச்சம் நீங்கும். ஒருமுறை கண்ட பேயை மறுமுறை காணும்போது, அஃது எப்பொழுது தோன்றும் என்பது நமக்கு முன்னரே தெரியும். ஆதலின் அச்சத்தை மட்டுமே நம்பி எடுக்கப்பட்ட படம் விரைவில் முதுமை எய்தும். மருட்கையிலும் புதுமை பற்றியது காலத்தால் தேயும். ஆயின், ஆக்கம் பற்றியது அங்ஙனம் தேய்வதில்லை. உரையாசிரியர் ஆக்கம் என்பதனை ஒன்று வேறொன்றாய்த் திரிதல் என்னும் பொருள்படக் கொள்வர். திரிபு கண்முன் நிகழுந்தோறும் வியப்பு உண்டாம். அதனை முன்னரே அறிந்திருத்தல் வியப்பினைக் கெடுப்பதில்லை.

‘மாயா பஜார்’ படத்தில் கடோத்கசன் வரும் பகுதிகளை இந்நோக்கிற் காண்க. எஸ். வி. ரங்காராவின் பேருருவமும் பெருநகையும் பெருமை. திருமண விருந்து முழுவதையும் தானொருவனே உண்ணும் காட்சியில் பெருமையும் நகையும் விரவும். அவ்வளவு பேருரு ஒரு சிறுபெண்ணின் மேனிக்குள் ஒடுங்குதல் சிறுமை. அவ்வொடுக்கமே ஆக்கமும் ஆகின்றது. வத்சலையாக நடித்த சாவித்திரி, பெண்ணுருக்கொண்ட அரக்கனாகவும் நடிக்க வேண்டியவரானார். நடை, நோக்கு, தோளின் அசைவு ஆகியவற்றால் உள்ளிருப்பவன் வேறொருவன் என்பதனை அவர் உணர்த்துகின்றார். மணமகனாகிய இலக்கணனின் காலை அம்மணப்பெண் மிதிக்கும்போது நாம் நகைக்கின்றோம். மிதித்தது எக்கால் என்று எண்ணும்போது மருள்கின்றோம். இங்கு உத்தி என்பதொன்று பெரிதும் இல்லை; நடிப்பே உளது. மந்தைவெளிச் சிறுமி வாயடங்கி அமர்ந்தது இவ்விடத்தில் என்பதனை நினைவிற் கொள்க.

தமிழ் மரபிற் பூதம்

மேனாட்டுப் பூதம் பெரும்பாலும் புறத்தேயிருந்து வருவது. டிராகுலா கடல் கடந்து இங்கிலாந்திற்கு வருகின்றான். காங் என்னும் பெருங்குரங்கு தொலைத்தீவினின்றும் விலங்கிட்டுக் கொணரப்படுகின்றது. காட்சில்லா நீர்வாயுக் குண்டுச் சோதனையாற் கலைந்து கடலடியினின்றும் எழுகின்றது. ஃபிராங்கன்ஸ்டைன் படைத்த உயிர்க்குப் பெயரும் இல்லை, சுற்றமும் இல்லை. ஏரிக்கரையில் ஒரு சிறுமியோடு மலர்களை நீரில் மிதக்கவிட்டு விளையாடும் அவ்வுயிர், மலர் தீர்ந்தபின் அவளும் மிதப்பாளென்று கருதி நீரில் எறிந்துவிடுகின்றது. தணிக்கையால் நீக்கப்பெற்றுப் பல்லாண்டுகட்குப் பின்னரே மீண்டும் சேர்க்கப்பெற்ற அப்பகுதி, அப்படத்தின் உயிர்நிலை எனலாம். அங்கு அச்சம் அவலமாகத் திரிகின்றது. சுற்றமின்மையே அப்பூதத்தின் துயரம்.

நம் மரபிற் பூதம் இத்தகையதன்று. சிலப்பதிகாரம் கூறும் சதுக்கப்பூதம் புகார் நகரத்தின் உள்ளேயே வாழ்வது. பொய்த்தவத்தோர், அரசனுக்கு உள்ளிருந்தே கேடு சூழும் அமைச்சர், பிறன்மனை நயப்போர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோரைப் பாசத்தாற் கட்டிப் புடைத்து உண்பது. பொய்ச்சான்று கூறிய ஒருவனுக்காகக் கோவலன் தன்னுயிரைத் தர முன்வந்தபோது, தீயோன் உயிர்க்கு நல்லோன் உயிரை ஈடாகக் கொள்ளும் முறை தனக்கு இல்லையென மறுத்ததாக அடைக்கலக்காதை கூறும். பூதத்திற்கும் ஓர் அறம் உண்டு. அவ்வறம் கோவலனின் அருளினும் கடுமையானது.

பேயும் இவ்வாறே பலவகைப்பட்டது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் பேய்மகளின் கூத்தைக் கண்ட சார்ங்கலன் என்னும் சிறுவன் அஞ்சி ஓடித் தாய்முன் உயிர்விடுகின்றான். அஃது அச்சத்தின் எல்லை. கலிங்கத்துப்பரணியிலோ பேய்கள் போர்க்களத்திற் கூழ் அட்டு உண்டு களிக்கின்றன. ஆங்கு அச்சமும் இளிவரலும் நகையும் ஒரே பானையில் வேகின்றன. காரைக்காலம்மையார் பேயுருவை இறைவனிடத்து வேண்டிப் பெற்றவர். மந்தைவெளியினின்றும் நடந்து செல்லும் தொலைவிலுள்ள கபாலீச்சரத்தில், பங்குனிப் பெருவிழாவின்போது பூதனும் பூதகியும் இறையுருவங்களைத் தாங்கும் ஊர்திகளாக மாடவீதிகளில் உலா வருகின்றனர். கோரைப்பல்லும் உருட்டுவிழியும் கொண்ட அவ்வுருவங்களைக் குழந்தைகள் தந்தையர் தோள்மேல் அமர்ந்து கண்டு வளர்கின்றனர்.

கடோத்கசன் இம்மரபினன். அவன் வீமன் மகன்; அபிமன்யுவிற்குத் தமையன் முறையினன். வத்சலையின் திருமணக்கதை வியாசர் பாரதத்தில் இல்லாதது. நாட்டார் வழக்கிலும் நாடகமேடையிலும் வளர்ந்தது. பாண்டவர் செல்வம் இழந்தனர் என்றதும், முன்னர்க் கொடுத்த மணவாக்கினைப் பலராமனின் குடும்பம் மறந்துவிடுகின்றது. துரியோதனன் பக்கத்துச் செல்வம் அவர்கட்கு உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. ஆதரவிழந்த சுபத்திரையும் அவள் மகனும் காட்டிற்குச் செல்கின்றனர். காடு அவர்களுக்கு அடைக்கலம் ஆகின்றது. அரண்மனையினர் காவாத சொல்லை அரக்கன் காக்கின்றான். பொய்த்தவரைப் பாசத்தாற் கட்டாது, மாயத்தாற் கட்டி நகைப்பிற்கு உள்ளாக்குகின்றான். சதுக்கப்பூதத்தின் தொழிலையே அவன் மணப்பந்தலில் நிகழ்த்துகின்றான் என்பது எம் துணிபு. படத்தை எடுத்தோர் இவ்வொப்புமையைக் கருதினர் என நாம் கூறவில்லை. காண்போர் நெஞ்சில் நெடுங்காலமாகப் பதிந்துள்ள ஒரு வார்ப்பில் அப்பாத்திரம் இனிது பொருந்தியது என்பதே நம் கருத்து. புறத்தோன் என்று கருதி அஞ்சப்படுபவன் உறவினனாகவும், உறவினர் என்று நம்பப்பட்டோர் புறத்தோராகவும் மாறும் இவ்வமைப்பு, பணத்தால் மணம் முறியும் சமுதாயத்தில் பொருள் இழப்பதில்லை.

பேயல்லாப் பேய்

‘மர்மயோகி’ வேறொரு நெறியினது. ஏ. எஸ். ஏ. சாமி எழுத, கே. ராம்நாத் இயக்க, ஜூபிடர் நிறுவனத்தார் வெளியிட்ட இப்படத்தில் ஊர்வசி என்பாள் அரசனைக் கொன்றுவிட்டதாகக் கருதி அரியணை ஏறுகின்றாள். அரசனின் ஆவி அவள் முன் அவ்வப்போது தோன்றுகின்றது. இறுதியில் அவ்வாவி உயிரோடிருக்கும் அரசனே என்பது வெளிப்படுகின்றது. பேய் இல்லை என்று முடியும் இப்படமே, ஆவியின் தோற்றம் கருதி, வயதுவந்தோர்க்கு மட்டும் என்னும் சான்றினைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் எனக் கூறப்படுவது வியப்பிற்குரியது.

அச்சத்தின் நான்கு களன்களுள் மூன்று இக்கதையில் ஒருங்கே அமைந்துள்ளன. ஆவியெனத் தோன்றுவது அணங்கு. அவ்வணங்கே அவள் இழைத்த குற்றத்தை ஒறுக்கவல்ல இறையும் ஆவான். அவன் மகன் கரிகாலனோ, செல்வரைக் கவர்ந்து வறியோர்க்கு ஈயும் கள்வர் தலைவனாக வளர்ந்தவன். அரியணையில் இருப்பவள் இம்மூவருக்கும் அஞ்சுகின்றாள். குடிகள் அவளுக்கு அஞ்சுகின்றனர். ஆக, இப்படத்தின் பேய் மனச்சான்றின் வடிவமே. அது பேயன்று எனத் தெளிந்தபின்னும் காட்சியின் ஆற்றல் குன்றாமைக்குக் காரணம் இதுவே. பகுத்தறிவு பேயை விலக்கலாம். செய்த குற்றத்தை விலக்குதல் இயலாது. ‘யார் நீ’ படத்தின் வெள்ளுடை மங்கையும், 2005-இல் வண்ணத்தில் வந்த ‘சந்திரமுகி’யும் பேயல்லாப் பேய் என்னும் இந்நெறியினவே.

நிழலின் தொழில்

இனி, கறுப்பு வெள்ளை என்னும் இயல்பு இவ்வீர்ப்பிற்கு எவ்வகையில் துணைசெய்கின்றது எனக் காண்போம். ஆக்கமே காரணமெனின், எதனையும் எதுவாகவும் திரிக்கவல்ல இற்றைநாட் கணிப்பொறிப் படங்கள் பன்மடங்கு மருட்கை விளைத்தல் வேண்டுமன்றோ என வினவலாம். நேரிய வினாவே இது.

இதற்கு இரு விடைகள் உண்டு. முதலாவது, கறுப்பு வெள்ளைப் படத்தில் மாந்தரும் பூதமும் மலையும் மாளிகையும் ஒரே சாம்பல் நிறத்தால் ஆயவை. ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் போரிஸ் கார்லாஃப் முகத்திற்குப் பசுமை கலந்த சாம்பற்பூச்சு இடப்பெற்றது. படச்சுருளில் அது பிணத்தின் வெளிறிய நிறமாகப் பதிந்தது. கண்ணாற் கண்டால் நகைப்பிற்கு உரியது நிழற்படத்தில் மெய்யாயிற்று. பூதமும் மனிதரும் ஒரே பொருளாலான ஓர் உலகில் ஒன்று மற்றொன்றாகத் திரிதல் இயல்பாகத் தோன்றும். தனியே ஆக்கி ஒட்டப்பெற்ற பூதத்தில் இவ்வொருமை எளிதில் அமையாது. கிங் காங் படத்தில் வில்லிஸ் ஓப்ரையன் பாவையைச் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்தார். அசைத்தோர் கைபட்டு அதன் மயிர் சிலிர்ப்பதை இன்றும் காணலாம். அது குறையே எனினும், அப்பாவை ஒரு கைதொட்ட பொருள் என்பதனை அது காட்டுகின்றது.

இரண்டாவது, நிழல் குறிப்பால் உணர்த்துவது. ‘பாதாள பைரவி’, ‘மாயா பஜார்’ ஆகிய இரண்டிற்கும் ஒளிப்பதிவு செய்த மார்க்கஸ் பார்ட்லி, இல்லாத நிலவொளியை உண்டாக்கிக் காட்டியவர் எனப் புகழப்பெற்றவர். ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தின் பாழடைந்த மாளிகையை ஒளியும் நிழலுமாகப் பகுத்தவர் ஏ. வின்சென்ட்; அவரே 1964-இல் மலையாளத்தில் ‘பார்க்கவி நிலையம்’ என்னும் ஆவிப்படத்தை இயக்கினார். இவர்கள் காட்டியவற்றினும் காட்டாது விட்டவை மிகுதி. நல்ல செய்யுளில் சொல்லப்படாத பொருளைக் கற்போன் தானே நிரப்புதல்போல, இருண்ட மூலையைக் காண்போன் தன் நெஞ்சத்தால் நிரப்புகின்றான். ஒவ்வொரு முறையும் வேறுவேறாக நிரப்புதலின் அது பழமை எய்துவதில்லை. எல்லாவற்றையும் காட்டிவிடும் படத்தில் காண்போனுக்குச் செய்தற்குரிய பணி யாதும் இல்லை.

வண்ணமூட்டல்

‘மாயா பஜார்’ படத்தின் தெலுங்கு வடிவம் 2010-இல் வண்ணமூட்டப்பெற்று வெளியிடப்பெற்றது. இதனைப் போற்றுவோர் இரு காரணம் காட்டுவர். ஒன்று, கறுப்பு வெள்ளை என்றாலே விலகிச் செல்லும் இளையோர் இதனால் அப்படத்தை அடைந்தனர் என்பது. மற்றொன்று, படைத்தோர்க்கு வாய்ப்பிருந்திருப்பின் அவர்களே வண்ணத்தில் எடுத்திருப்பர் என்பது.

முதற்காரணம் உண்மை, அதனை நாம் மறுக்கவில்லை. இரண்டாவது காரணத்திலும் சிறிது உண்மை உண்டு. 1956-இலேயே ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ முழுதும் வண்ணத்தில் வந்துவிட்டது. ஆகவே, அதன்பின் கறுப்பு வெள்ளையில் எடுத்தமைக்குக் கலைக்கொள்கையினும் செலவே பெருங்காரணமாயிருத்தல் கூடும். எனினும், வரம்பு எங்கிருந்து வந்தது என்பது வேறு. வரம்பிற்குள் யாது படைக்கப்பட்டது என்பது வேறு. வெண்பாவின் தளை கட்டுப்பாடே. அக்கட்டுப்பாட்டை நீக்கி எழுதினால் திருக்குறள் மேலும் சிறக்கும் என எவரும் கூறார். பார்ட்லி தம் விளக்குகளை அமைத்தது சாம்பல் நிறத்தின் படிநிலைகளைக் கருதியேயன்றி, அரைநூற்றாண்டு கழித்துப் பூசப்படும் வண்ணங்களைக் கருதியன்று.

நம் துறையார்க்கு இச்சிக்கல் புதிதன்று. மூலம் வேறு, உரை வேறு என்பதனை நாம் நன்கறிவோம். வண்ணமூட்டிய வடிவம் செய்யுட்கு எழுதிய உரைநடை போன்றது. கற்கத் தொடங்குவார்க்கு அது பயன்படும். ஆயின், உரை கிடைத்ததென்று ஏட்டை எரிப்பார் இலர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளையும் ஒதுக்காது குறித்துவைத்த நெறியே இங்கும் கொள்ளத்தக்கது. படங்களின் நிலையோ ஏடுகளினும் இரங்கத்தக்கது. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ இன்று நமக்குக் கிடைத்திலது. தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் புனேயில் 1964-இல்தான் தோன்றியது. அதற்குமுன் அழிந்தவை பல. மந்தைவெளியில் இருந்த கபாலித் திரையரங்கும் இன்று இல்லை. திரையரங்கில் இருளில் அமர்ந்து கண்டவை இன்று வெளிச்சமான அறையில், கையகலத் திரையில், பலகாற் பிரதியெடுத்து மங்கிய படியாகக் காணப்படுகின்றன. நிழலின் படிநிலைகள் மறைந்த அத்தகைய படியைக் கண்டு, பழைய படம் சுவையற்றது என்று இளையோர் முடிவுகட்டின், அம்முடிவு படத்தைப் பற்றியதன்று, படியைப் பற்றியதே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. கறுப்பு வெள்ளைப் பூதப்படங்கள் அச்சத்தால் நிலைபெறவில்லை. அச்சம் நீங்கியபின்னும் எஞ்சும் மருட்கையால், சிறப்பாக ஆக்கம் பற்றிய மருட்கையால் நிலைபெற்றன. தமிழில் அம்மருட்கை, பூதத்தை உறவாகவும் அறங்காவலாகவும் காணும் நெடிய மரபோடு இயைந்தது. நிழல் அம்மருட்கைக்கு உறுப்பாதலின், நிழலைக் காத்தல் படத்தைக் காத்தலாகும்.

ஆதலின், தமிழ்த்துறைகள் இப்படங்களின் மூலப்படிகள் எங்கெங்கு உள்ளன எனத் தொகுத்து அறிதலும், தமிழ், தெலுங்கு வடிவங்களை ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்தலும், மெய்ப்பாட்டியலைப் பயிற்றுங்கால் இவற்றையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளுதலும் வேண்டும். ஆய்வு மாணவர் இப்பணியை மேற்கொள்ளத் தடையாதும் இல்லை. பாட்டியார் சொற்களை மனப்பாடமாக வைத்துள்ளார். பெயர்த்தி ஒரு காட்சியை மறுபடியும் கேட்டாள். இவ்விருவர்க்கும் இடையே மூலத்தைக் கெடாது வைத்திருத்தல் கற்றோர் கடன்.